எடுக்காமலே முடிந்த அழைப்பு

சாப்பாடு ஆகிவிட்டது என்று தம்பிக்குப் போன் போட்டால் அவன் எடுக்க மாட்டான். இரண்டு ரிங் போனதும் கட் செய்வான். புறப்பட்டுவிட்டான் என்று பொருள். நான் ரசத்தை அடுப்பில் ஏற்றுவேன். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் பாதிப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. பால்காரருக்கு அடித்தால் கட். டிராக்டர்காரருக்கு அடித்தால் கட். பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கே வருகிறார்கள் என்று கேட்க அடித்து, மாப்பிள்ளையின் அப்பா கட் செய்ததை வைத்தே, "ஊருக்குள்ள நொழஞ்சிட்டாங்க, பால ஏத்துடி" என்று ஒரு அம்மா குரல் கொடுத்ததை நானே நின்று கேட்டிருக்கிறேன்.

நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஆள் வராத மத்தியான வேளைகளில் வீடியோ பார்த்துப் பார்த்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். வீடியோவில் பேசுகிறவரிடம் சந்தேகம் கேட்க முடியாது என்பதால் என் சந்தேகங்களையெல்லாம் தம்பி மனைவியிடம் கொண்டுபோவேன். ஒதியம்பட்டுப் பெண். டவுனில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதின புரோகிராமைச் சோதித்துப் பார்க்கிற வேலை. ஊரான் எழுதினதில் குற்றம் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிறவள், நாத்தனார் எழுதினதை விடுவாளா?

எங்கள் ஊர்ச் சின்ன ஏரியின் பாசனச் சங்கத்தார் ஒருநாள் கடைக்கு வந்தார்கள். மதகைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து வருகிறது. ஆடு மாடு குளிப்பாட்டுகிறவர்கள், களை அலசுகிறவர்கள் உள்ளே நிற்கிறார்கள். திறப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் போனில் சொல்ல ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்கள். செய்தோம். மதகடியில் ஒரு பெட்டி. அதில் ஒரு பட்டன், ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. மதகைத் திறக்கிறவர் பட்டனை அழுத்தினால் வாய்க்கால் ஓரத்து ஆட்கள் ஒவ்வொருவருக்கும் போன் போகும். "மதகு தெறக்கப் போறோம். வாய்க்கால்ல ஆளு, ஆடு, மாடு இருந்தா கரைக்கு ஏத்திடுங்க" என்று என் குரலிலேயே பதிவு செய்து வைத்திருந்தேன். எல்லோரும் கேட்டு முடித்தால்தான் பச்சை எரியும். பச்சை எரிந்தால்தான் அவர் திறப்பார்.

இன்னது நடந்தால் இன்னதைச் செய் என்று எழுதி வைக்கிற பகுதியை ஈவென்ட் ஹேண்ட்லர் என்பார்கள். போன் அடிக்கிற கருவி எங்களுக்கு மூன்று சேதிகளை அனுப்பும். 'எடுத்தார்' என்று ஒன்று, 'அழைப்பு முடிந்தது' என்று ஒன்று, 'பதில் இல்லை' என்று ஒன்று. முடிந்தது என்று வந்தால் அந்த ஆளுக்குச் சரி போடு, பதில் இல்லை என்றால் திரும்ப அடி என்று என் ஹேண்ட்லர். கேட்டாச்சு என்பதற்கு ஒன்றாம் எண்ணை அழுத்தச் சொல்லலாமே என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். பக்கத்திலிருந்த பெரியவர், "ஒண்ண அழுத்து ரெண்ட அழுத்துன்னா நான் போனையே அமுத்திப்புடுவேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் ஊரையே கூப்பிட முடியாது. அதற்காகத் தம்பி மனைவி ஒரு பொய்ப் போன் எழுதினாள். மாக் ஆப்ஜெக்ட் என்பது அவர்கள் கம்பெனிப் பேச்சு. நாங்கள் பொம்மைப் போன் என்றோம். நிஜக் கருவி நிற்க வேண்டிய இடத்தில் பொம்மையை நிறுத்தினால் ஹேண்ட்லருக்கு வித்தியாசம் தெரியாது. பொம்மையிடம் நாம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்: இந்த நம்பருக்கு 'எடுத்தார்' சொல், பிறகு 'முடிந்தது' சொல், அந்த நம்பருக்கு 'பதில் இல்லை' சொல் என்று. எந்த நம்பருக்கு அடிக்கச் சொன்னோம் என்பதையும் அது ஞாபகம் வைத்துக்கொண்டு பின்னால் சொல்லும்.

"இந்தப் பொம்ம உங்க தம்பி மாதிரியே அண்ணி" என்றாள். "சொல்லிக் குடுத்தத மட்டும் சொல்லுது. சொந்தமா ஒரு வார்த்த வராது."

"அதனாலதாண்டி உனக்குக் கட்டி வெச்சோம்."

சோதனைகள் எல்லாம் திரையில் பச்சையாக, வெற்றி என்று வந்தன. நிஜக் கருவியை மாட்டி, சங்கத்து ஆட்கள் நாலைந்து பேரை வைத்து ஒருமுறை பார்த்தோம். புதுப் பண்டம் என்று எல்லோரும் ஆசையாக எடுத்துக் கடைசிவரை கேட்டார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் பெட்டி மதகடியில் ஏறிவிட்டது.

அன்றைக்கு விடாத மழை. கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருந்ததால் தம்பி மனைவி லேப்டாப்போடு என் கடையில் உட்கார்ந்திருந்தாள். மதகைத் திறக்கிறவர் போன் செய்தார்.

"அம்மா, ஏரிக்கர ஒரு எடத்துல வேர்க்குது."

"வேர்க்குதுன்னா இன்னாண்ணே?"

"தண்ணி கசியுதும்மா. மனுசனுக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம். கரைக்கு வேர்த்தா தொடைக்க முடியுமா? சங்கத்துல தெறக்கச் சொல்லிட்டாங்க. நான் பட்டன அழுத்தறேன், நீ பாத்துக்க."

கரைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தெரு. கரை போனால் முதலில் தண்ணீர் நுழைகிற வீடுகள் அங்கேதான். மதகைத் திறந்து ஏரியின் பாரத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஆனால் வாய்க்காலின் கீழ்முனையில், சின்னப் பாலத்துப் பக்கம், கரையாம்புத்தூர்க்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார்கள். வயலில் பயிர் நிற்கிற காலத்தில் வாத்தை இறக்க வாய்க்காலை விட்டால் வேறு இடமில்லை. முட்டைப் பெட்டிக்கு அட்டை கேட்டு அந்தப் பெண் என் கடைக்கு இரண்டொரு முறை வந்திருக்கிறாள். "எங்க வூட்டுக்குக் காலு மொளச்சிருக்குதுக்கா, ஒரு எடத்துல நிக்காது" என்று சிரிப்பாள். அவளிடம் போன் கிடையாது. எங்கள் வரிசையில் கடைசியாக இருந்தது அவள் புருஷனின் நம்பர்.

பட்டன் அழுத்திய சேதி திரையில் வந்தது. ஒவ்வொரு நம்பராக ஓடியது. எடுத்தார், முடிந்தது. எடுத்தார், முடிந்தது. ஒருவர் பதில் இல்லை, திரும்ப அடித்தது, எடுத்தார், முடிந்தது. கடைசி நம்பரும் முடிந்தது. பச்சை.

"ஆச்சு" என்று நான் மூச்சு விட்டேன்.

தம்பி மனைவி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அண்ணி, கடேசி ஆளுக்கு 'எடுத்தார்' எங்க?"

பார்த்தேன். மற்ற எல்லோருக்கும் இரண்டு வரி. வாத்துக்காரருக்கு ஒரே வரிதான் இருந்தது: அழைப்பு முடிந்தது. அடித்த கையோடு முடிந்திருந்தது. எடுக்காமல் எப்படி முடியும் என்று என் புத்தி ஒரு கணம் அங்கேயே நின்றது. பொம்மைப் போனிடம் நாங்கள் ஒருபோதும் அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. 'முடிந்தது' என்று அது சொல்வதற்கு முன்னால் எப்போதும் 'எடுத்தார்' சொல்லும்.

"கட் பண்ணிட்டாரு அண்ணி" என்றாள் மெதுவாக. "எடுக்கவே இல்ல. கட் பண்ணா அந்த மெஷினு முடிஞ்சிச்சுன்னு அனுப்புது. நம்ம ஹேண்ட்லரு கேட்டாச்சுன்னு டிக் போட்டுடுச்சு."

வாத்துக்காரருக்கு அடித்தேன். கட். மறுபடி அடித்தேன். கட். மதகைத் திறக்கிறவருக்கு அடித்தேன். ஒரு ரிங், இரண்டு ரிங், கட்.

சரி, நிறுத்துகிறேன் என்று கட் செய்தாரா? சரி, திறக்கிறேன் என்று கட் செய்தாரா? எத்தனையோ வருஷமாக எனக்குப் புரிகிற ஜாடை அன்றைக்குப் புரியவில்லை. தம்பி மனைவி லேப்டாப்பிலிருந்தே பச்சையை அணைத்துச் சிவப்பை ஏற்றினாள். பச்சையைப் பார்த்துவிட்டு மதகின் சக்கரத்தைத் திருகப் போனவர் திரும்பி விளக்கைப் பார்ப்பாரா?

"வா" என்றேன். கடை ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஸ்கூட்டியில் ஏறினோம். அவள் ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து, போனைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே வந்தேன். மழையில் திரை என் விரலை மதிக்கவில்லை. கரும்புத் தோட்டம் தாண்டினால் ரோடு பிரிகிறது. இடது பக்கம் மதகு. வலது பக்கம் பாலம்.

அவள் பிரேக் போட்டாள். "மதகா, பாலமா? சீக்கிரம் சொல்லுங்க."

மதகுக்குப் போனால் ஒருவேளை இன்னும் திறக்காமல் இருக்கலாம். திறந்திருந்தால், மூடச் சொல்லி அவர் மூடுவதற்குள் பாய்ந்த தண்ணீர் பாய்ந்ததுதான். பாலத்துக்குப் போய், தண்ணீர் எங்களுக்கு முந்தி வந்துவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"பாலம்" என்றேன்.

வாய்க்காலில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் தெளிவாக நின்றது. அதில் வாத்துகள் கூட்டமாகத் தலையை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தன. ஆளைக் காணோம். கரையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, பக்கத்தில் ஒரு மூங்கில் கழி. நான் கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பாலத்துக்கு அடியில!" என்றாள் தம்பி மனைவி. குனிந்து பார்த்தால், பாலத்தின் கீழே இருட்டில் ஒரு கல்லின் மேல் குந்தியிருந்தாள் அந்தப் பெண். மடியில் கூடை. மழைக்கு ஒதுங்கியிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாக்கா, இந்த மழையில? முட்ட வேணுமா?"

"மதகு தெறந்துட்டாங்கடி! மேல வா!"

"இன்னா?"

"தண்ணி வருது! ஏறு!"

அவள் எழுந்தாள், உடனே ஏறவில்லை. கூடையைத் தூக்கப் பார்த்தாள். உள்ளே குஞ்சுகள். கூடையைப் பிடித்தால் சரிவில் கையூன்ற முடியாது. கூடையை வைத்தால் குஞ்சு போய்விடும். "வுட்டுட்டு வாடி" என்று நான் கத்தக் கத்த, "புள்ளைங்கள வுட்டுட்டா?" என்று என்னையே அதட்டினாள்.

தம்பி மனைவி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினாள். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி வழி போய்விட்டாள். கழியை எடுத்து ஒரு முனையை நீட்டினேன். அவள் கூடையை வாங்கி என்னிடம் ஏற்றினாள். கூடைக்கு எடையே இல்லை. உள்ளே மஞ்சளாகக் கத்தல். அதைப் பின்னால் வைத்துவிட்டுத் திரும்பினேன். தெளிவாக இருந்த தண்ணீர் செம்மண் கலந்து கலங்கியிருந்தது. மேலே வைக்கோல் துண்டும் நுரையும் மிதந்து வந்தன. வாத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி மதகுப் பக்கம், மேற்கே பார்த்தன.

"கழிய புடி! ரெண்டு பேரும் புடிங்க!"

அந்தப் பெண் முதலில் ஏறினாள். சேறு வழுக்கியது, முட்டியை ஊன்றி, என் துப்பட்டாவைப் பிடித்து ஏறினாள். பிறகு இருவருமாகக் கழியை இழுத்தோம். தம்பி மனைவியின் கால் இன்னும் சரிவில் இருக்கும்போதே பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இரைச்சல் வந்தது. லாரி வருகிற மாதிரி. அவளுடைய முழங்கையைப் பிடித்து நான் விழுந்த விழுகையில்தான் அவள் மேலே வந்தாள். அந்தப் பெண் குந்தியிருந்த கல்லை நான் தேடினேன். பாலத்தின் கீழே இப்போது இடமே இல்லை. முழுக்கத் தண்ணீர்.

வாத்துகள் ஊர்வலம் போகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே தண்ணீரோடு போய்விட்டன.

என் போன் அடித்தது. வாத்துக்காரர். மடுகரைக்குப் போய் ஒரு டீக்கடையில் முட்டை கொடுத்துக்கொண்டிருந்தாராம். "இன்னாம்மா, எத்தினி தரம்தான் அடிப்ப? சங்கத்து நம்பரு, மீட்டிங்குக்குக் கூப்புடறீங்கன்னு கட் பண்ணேன். நீயும் அதுக்குத்தான் அடிக்கறன்னு கட் பண்ணேன். வரேன்னு தெரியாதா?"

அவர் மனைவி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "யோவ்! நீ அங்க கட் பண்ணது பாலத்துக்கு அடியில கெடக்கற எனக்கு எப்பிடிய்யா தெரியும்?" அப்புறம்தான் அழுதாள்.

மதகைத் திறக்கிறவரும் பிறகு சொன்னார். "ரெண்டு கையும் சக்கரத்துல இருக்குது. பச்ச எரிஞ்சிச்சு, நீ அடிக்கற. சரி, சீக்கிரம் தெறக்கச் சொல்றன்னு ஒரு கைய எடுத்துக் கட் பண்ணேன்." ஏரிக்கரையில் வேர்வை நின்றுவிட்டது, பள்ளத்தெருவில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். அவரை நான் என்ன சொல்ல முடியும்?

வாத்துகளைத் தேடி மாலை வரைக்கும் அலைந்தோம். வாத்துக்குத் தண்ணீரில் பயமில்லை. எங்கெல்லாம் கரையேறுமோ என்பதுதான் பயம். கீழ்வயல்காரர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஒருவர், "உன் வாத்து என் வாழத்தோட்டத்துல வந்து விருந்து சாப்புடுது, பந்தி முடியறதுக்குள்ள வந்து கூட்டிக்கினு போ" என்றார். கொஞ்சம் போக மீதி எல்லாம் திரும்பின.

அடுத்த நாள் கடையில் உட்கார்ந்து, தம்பி மனைவி முதலில் ஹேண்ட்லரைத் தொடவே இல்லை. பொம்மைப் போனுக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாள்: ரிங் போனதும், 'எடுத்தார்' சொல்லாமல், 'முடிந்தது' மட்டும் சொல். அந்தப் பொம்மையை வைத்துச் சோதனையை ஓட்டினாள். பச்சை விளக்கு எரியக் கூடாது என்பது சோதனை. எரிந்தது. திரையில் சிவப்பாகத் தோல்வி என்று வந்தது. அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பாலத்தடி இருட்டுதான் தெரிந்தது. அதற்கப்புறம்தான் மாற்றி எழுதினோம். எடுக்க வேண்டும், சேதி கடைசிவரை ஓட வேண்டும், அவர்களே வைக்க வேண்டும். மூன்றும் இந்த வரிசையில் நடந்தால்தான் சரி. கட் செய்தால் திரும்ப அடி. அப்போதும் கட் என்றால் பக்கத்து வயல்காரருக்கு அடி. அத்தனை பேரும் கேட்கிறவரை சிவப்பு அணையாது.

எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. "கட் பண்ணவங்களுக்குத் திரும்பத் திரும்ப அடிச்சா வைவாங்கடி. நம்ம ஊருல கட்டுங்கறது ஒரு பதிலு."

"வையட்டுமே அண்ணி. வையறதுக்கு எடுத்துத்தானே ஆகணும்."

வாத்துக்காரர் தன் மனைவிக்கு ஒரு பழைய போன் வாங்கிக் கொடுத்தார். அதன் நம்பரைக் கடைசியில் சேர்த்தோம். மழை ஓய்ந்த ஒரு காலையில் நிஜமாகவே ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். மதகைத் திறக்கிறவர் பட்டனை அழுத்தினார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். தம்பி மனைவி கடையில் திரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு நம்பராக எனக்குப் போனில் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் கட் செய்தார்கள், திரும்ப அடித்ததும் எடுத்து வைதார்கள், கேட்டார்கள். மற்ற எல்லோருக்கும் முடிந்தது. கடைசி நம்பர் மட்டும் முடியவில்லை.

"எடுத்துட்டா அண்ணி. ஆனா முடியல."

சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. "இன்னாம்மா, கெட்டுப் போச்சா?" என்றார் மதகைத் திறக்கிறவர். போனை எங்கேயாவது போட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கிவிட்டாளா? அவரிடம் சக்கரத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு, கரை மேலேயே பாலம் வரைக்கும் ஓடினேன்.

அவள் கரையில்தான் நின்றிருந்தாள். வாத்துகள் எல்லாம் மேலே. குஞ்சுக் கூடை காலடியில். போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கேட்கிறவர் போனை வைக்கிறவரை என் பதிவு திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரிதான் நாங்கள் எழுதியிருந்தோம்.

"சரிக்கா. ஏத்திட்டேன்க்கா. எல்லாத்தையும் ஏத்திட்டேன். அப்பவே சொன்னேன்ல? நீ சாப்ட்டியா?"

என்னைப் பார்த்ததும் போனையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெச்சிடுடி" என்றேன், மூச்சு வாங்க. "அது ரெக்கார்டு."

"எனக்கு இன்னாத் தெரியும்? அக்கா பேசிக்கினே இருக்குது, நடுவுல எப்பிடிக் கட் பண்றது?"